ஒரு மடக்குக் கஞ்சி

அம்மா மாயக்காள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். கரண்டிக் கஞ்சி உதட்டோரம் வழிந்து தலையணையை நனைத்தது.

"நான் குடுத்தா இந்த வீம்புதான். நீ குடு தம்பி" என்று அக்கா கனகலட்சுமி டம்ளரை நீட்டினாள்.

பக்கவாதத்தில் பேச்சுப் போன புதிதில், யாரோ அவசரத்தில் கொதிக்கக் கொதிக்கக் கஞ்சி ஊட்டி அம்மாவுக்கு நாக்கு வெந்துவிட்டது. அதிலிருந்து மகன் ஒரு மடக்குக் குடித்துக் காட்டினால்தான் வாயைத் திறப்பாள். பொல்லாத மனுஷி. டம்ளரை உதட்டில் வைத்து ஏமாற்ற முடியாது. தொண்டைக்குழி ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பாள்.

எட்டு மாதம் முன்புவரை அருண்பாண்டியனாக இருந்த யாசீனுக்கு இன்று முதல் நோன்பு. நோன்பு திறக்க இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. பீடியை விட்டிருந்தான். இடது கையால் டீ குடிப்பதை விட்டிருந்தான். அதெல்லாம் அவனோடு போயிற்று. இது அப்படியில்லை. வேண்டுமென்றே முறித்தால் ஒரு நோன்புக்கு அறுபது நோன்பு வைக்க வேண்டும் என்று பள்ளிவாசல் சொற்பொழிவில், பயானில், கேட்டிருந்தான். புதுசா வந்தவரு முதல் நாளே முறிச்சுட்டாராம் என்று பள்ளிவாசலில் பேசுவார்களோ என்றும் பயமாக இருந்தது. அந்தப் பயம் வெட்கமாகவும் இருந்தது.

அவனுக்கு மார்க்கம் சொல்லிக்கொடுத்த அருப்புக்கோட்டை ஹஜரத்துக்கு மூன்று தரம் போன் போட்டான். எடுக்கவில்லை.

"நேத்து ராத்திரி குடிச்சதுதான்டா. கஞ்சி எறங்குற வரைக்குந்தான்னு சொல்லித்தான டாக்டரு வீட்டுக்கு அனுப்புனாரு. ஒரு மடக்குக்கா ஒன் சாமி கோவிச்சுக்கிறப் போகுது?"

"அஞ்சு நிமிசம் பொறுக்கா. கேட்டுக்கிறேன்."

அம்மா அவன் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு விட்டு விட்டு வந்தது. அவனால் தாங்க முடியவில்லை. போனைக் கட்டிலில் போட்டுவிட்டு டம்ளரை வாங்கினான். அவளுக்குத் தெரியட்டுமென்று முகத்தை நன்றாக நிமிர்த்தி விழுங்கினான்.

"எறங்கிருச்சும்மா. சூடில்ல. வாயத் தெற."

அவள் பார்வை அதே இடத்தில் நின்றது. அக்கா மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "எங்கம்மா" என்று அவள் மேலேயே விழுந்தாள்.

போன் அடித்தது. ஹஜரத்.

"தொழுகையில இருந்தேங்க யாசீன். என்ன விசயம்?"

"அம்மா நான் குடிச்சாத்தான் குடிப்பாக. நோம்ப முறிக்கலாமான்னு…"

"உசுருக்குன்னா இதுல என்ன கேள்வி? பொறவு ஒண்ணு வச்சுக்கிட்டாப் போதும். மொதல்ல அவுகளுக்குக் குடுங்க."

"சரிங்க ஹஜரத்."

டம்ளர் இன்னும் அவன் கையில்தான் இருந்தது. ஒரு மடக்குத்தான் குறைந்திருந்தது.