கையைப் பார், முகத்தைப் பார்க்காதே

கையைப் பார், முகத்தைப் பார்க்காதே... முகத்தைப் பார்க்காமல் ஒருத்தரை எப்படி வரவேற்பது, பத்தொன்பது வருஷமாக ஹிக்கரி க்ரீக் சர்ச் வாசலில் நின்று வெர்னா டாக்கெட் பார்த்ததெல்லாம் முகங்களைத்தானே, எந்த முகம் ராத்திரி தூங்கவில்லை, எந்த முகம் காரில் சண்டை போட்டுக்கொண்டே வந்து வாசலில் சிரிப்பை மாட்டிக்கொண்டது, ஒரு கைகுலுக்கலுக்குள் தெரிந்துவிடும், இன்றைக்கு இந்தப் பர்ல் பயல், ஞாயிறு வகுப்பில் இவளிடம் உட்கார்ந்து நோவாவின் பேழைக்கு ஊதா வர்ணம் அடித்தவன், ஷெரீஃபின் ஆளாக இடுப்பில் துப்பாக்கியோடு நின்று, கையைப் பாருங்க மிஸ் வெர்னா, முகம் பொய் சொல்லும் என்கிறான். ஆராதனை முடிந்து அரைமணி ஆயிற்று. ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. சாப்பாட்டுக் கூடத்திலிருந்து பொரித்த கோழியின் வாசனை வயிற்றைக் கிள்ளுகிறது, ஒத்திகை முடிந்தால்தான் சாப்பாடு என்று போதகர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். துப்பாக்கியோடு ஒருவன் உள்ளே வந்தால் என்ன செய்வது என்பதற்கு ஒத்திகை, கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு ஆட்டிடையர்களை நிற்கவைத்துப் பழக்கிய அதே இடத்தில்.

"முதல் பாட்டு முடிஞ்சதும் கதவைப் பூட்டிடணும், சாவி மிஸ் வெர்னா கையில," என்றான் பர்ல். "இன்னொண்ணு. வர்றவன் எங்கிருந்தோ குதிக்கப் போறதில்லை. இங்க இருக்கிற யாருக்கோ புருஷனா இருப்பான், யாருக்கோ மகனா இருப்பான். அப்படி யாரை நினைச்சாவது பயம் இருந்தா பேரை எழுதிக் குடுங்க. தனியா அட்டை அடிக்கலை, பெஞ்சுல இருக்கிற ஜெப விண்ணப்ப அட்டையே போதும். மூலையில ஒரு நட்சத்திரம் போட்டுருங்க, நட்சத்திரம் போட்டது என் கைக்கு வரும், மத்தது ஜெபக் குழுவுக்குப் போகும்." யாருக்கோ மகன்... அவன் இவளைப் பார்த்துச் சொன்னானா, பொதுவாகத்தான் சொன்னானா? மூன்றாவது பெஞ்சில் மருமகள் ஷானா குனிந்து பேத்தி எம்மியின் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டியதையே அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

மகன் டேரலிடமிருந்து புதன்கிழமை வந்த குறுஞ்செய்தி வெர்னாவின் கைப்பையில் கிடக்கிறது, போனுக்குள் கிடக்கிறது என்று சொல்ல வேண்டும், ஆனால் பையே கனக்கிறது. இந்த ஞாயிறு இல்லை, அடுத்த ஞாயிறு வரேன் அம்மா, பின்னால உட்கார்ந்துக்கறேன், ஷானாகிட்ட சொல்லாதே. அவ்வளவுதான். மனந்திரும்பி வருகிற மகன் அப்படித்தான் எழுதுவான், கடைசி பெஞ்சு போதும் என்பான். மனந்திரும்பாதவனும் அதையேதானே எழுதுவான்? பிப்ரவரியில் ஷானாவின் சமையலறைக் கதவை உதைத்து உடைத்துவிட்டு, மறுநாள் அவனே புதுக் கதவு வாங்கி மாட்டி, நிலைக்கு வர்ணமும் அடித்துவிட்டுப் போனவன். எது அவன், உடைத்தவனா, வர்ணம் அடித்தவனா? புதன் சாயங்காலம் எதற்கோ அலமாரியைத் திறந்தபோது அவன் அப்பாவின் மான் வேட்டைத் துப்பாக்கி அங்கே இல்லை. நவம்பரில் எடுத்துப் போனான், சரி, திருப்பி வைத்தானா? வைத்த மாதிரிதான் ஞாபகம், பெரிய கோட்டுக்குப் பின்னால்... அது போன வருஷமோ? இது மே மாசம், மே மாசத்தில் எந்த மானைச் சுடப் போகிறான்.

தட் தட். கதவு. ஒத்திகை ஆரம்பித்துவிட்டது, யாரும் இவளிடம் சொல்லவே இல்லை. பனிக்கண்ணாடிக்கு அப்பால் ஓர் உருவம், வலது தோள் கொஞ்சம் இறங்கி... கையைப் பார், கையைப் பார். இரண்டு கைகளிலும் அலுமினியத் தாள் மூடிய பாத்திரம். பூட்டு திறந்த சத்தம் கேட்டது, இவள்தான் திறந்திருக்க வேண்டும், பாத்திரத்தை இரண்டு கையாலும் வாங்கியவளும் இவள்தான், "இதைச் சூடு பண்ணணுமா, அப்படியே வைக்கலாமா?" என்று கேட்டவளும் இவள்தான். வைக்கோல் விற்கிற டாயில், முதுகுப் பக்கம் பெல்ட்டில் செருகியிருந்த ஆரஞ்சு நிற ரப்பர் துப்பாக்கியை உருவி, "டுமீல்!" என்றான். சர்ச்சே சிரித்தது. பாத்திரம் காலி, அடியில் ஒட்டின பட்டையில் அவன் பெண்டாட்டி பெயர்.

"என்ன வெர்னா, என் மூஞ்சியைப் பாத்தா கொலைகாரன் மாதிரி இல்லையா? பெண்டாட்டி தினம் சொல்றாளே."

பர்ல் சிரிக்கவில்லை. "மிஸ் வெர்னா, முதல்ல நீங்க செத்துட்டீங்க. அப்புறம் அறுபது பேர்."

"செத்தவங்களுக்கும் கோழி உண்டுதானே?" என்றான் டாயில்.

இன்னொரு தடவை என்றார்கள், டாயில் மறுபடி வெளியே போனான், இவள் பூட்டினாள். கையைத்தானே பார்த்தேன், சொன்னபடிதானே செய்தேன், சாப்பாட்டோடு வருகிறவனை யார் வெளியே நிறுத்துவார்கள்... ஆனால் சாவியைத் திருப்பியது எப்போது? பாத்திரம் கண்ணில் பட்ட பிறகா, அந்தத் தோளைப் பார்த்தவுடனேயா? டேரலுக்கும் வலது தோள்தான் இறங்கியிருக்கும், பத்து வயதில் வைக்கோல் பரணிலிருந்து விழுந்தது. எல்லோரும் பெஞ்சுகளுக்குக் கீழே படுத்தார்கள். பெரியவர்களுக்கு முட்டி மடங்கவில்லை, யாரோ கர்த்தரே என்றார்கள். மூன்றாவது பெஞ்சுக்கு அடியிலிருந்து எம்மியின் ஒரு ஷூ வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, ஷானாவின் கை வந்து அதை உள்ளே இழுத்தது. விளையாட்டுக்கு இழுக்கிற இழுப்பு இல்லை அது. தட் தட். "வெர்னா, என் தொப்பி உள்ள இருக்கு." இவள் அசையவில்லை. "வெர்னா, வெளியில மழை." வெயில் கண்ணாடியில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. அப்புறம் டாயில் குரலை மாற்றிக்கொண்டான், அவனுக்கு ஒன்றும் தெரியாது பாவம், கிறிஸ்துமஸ் நாடகத்தில் எப்போதும் கொடுங்கோல் ராஜா ஏரோதாக நடிப்பவன். "அம்மா, நான்தான். கதவைத் திற." சாவி விரலிடுக்கில் வழுக்கியது. பத்து எண்ணினாள், இருபது எண்ணினாள், அம்மா என்றது மறுபடி, திறக்கவில்லை, அவள் திறக்கவில்லை. பர்ல் கைதட்டினான். முட்டிகள் சடசடக்க எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். யாரை வெளியே நிறுத்தியதற்கு இந்தக் கைதட்டல்?

ஷானா வந்து தோளோடு அணைத்துக்கொண்டாள். "நீங்க வாசல்ல இருக்கிற வரைக்கும் எனக்குப் பயமில்லை அத்தை." அவள் கையில் மடித்த அட்டை, விரித்தால் வெறுமை. "நான் எழுதலை. அவரைப் பெத்தவங்க நீங்க, நீங்களே எழுதினா சரின்னு தோணிச்சு." அட்டையை இவள் கையில் வைத்துவிட்டுக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்விட்டாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வெர்னா பெஞ்சில் உட்கார்ந்து எழுதினாள். டேரல் டாக்கெட். எழுந்து போய்க் காணிக்கைக் கூடையில் போட்டதும் நெஞ்சு லேசாயிற்று, முடிந்தது, இனி பர்ல் பார்த்துக்கொள்வான், படம் கேட்டால் எதைக் கொடுப்பது, போன வருஷம் மீனோடு நிற்கிற படம்... பர்ல் கூடையைக் கவிழ்த்து அட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தான். இவள் அட்டையை எடுத்தான், படித்தான், கண்ணில் ஒரு கனிவு வந்தது, அதை உயரமாக இருந்த அடுக்கின் மேல் வைத்தான்.

"டேரலை நாங்களும் ஜெபத்துல மறக்கலை மிஸ் வெர்னா. வாரா வாரம் எழுதறீங்களே."

நட்சத்திரம். மூலையில் நட்சத்திரம் போடவில்லை. மறந்துவிட்டாள், கை பழக்கம், நாலு வருஷமாக இதே அட்டையில் இதே பெயரை... மறந்தாளா? எழுதும்போது அந்த மூலையைப் பார்த்தாளே, பேனா அங்கே போய் ஒரு கணம் நின்றதே. சொல்லலாம், ஒரு வார்த்தை, அவன் இன்னும் எதிரில்தான் நிற்கிறான்.

"வேற ஏதாவது சொல்லணுமா?"

வெர்னா அவன் முகத்தைப் பார்க்கவில்லை, தன் கையைத்தான் பார்த்தாள். பேனா இன்னும் அதில் இருந்தது, மூடி திறந்தபடி.