பட்டாளத்து வண்டியும் வெள்ளிக்கிழமைச் சந்தனமும்

சொரிமுத்து வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். அதுவும் எங்கே? தென்காசியில், மொட்டைக் கோபுரத்துக்கு நேர் முன்னால், ஊர்ச்சனம் பாதி நின்று வேடிக்கை பார்க்க. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பதாம் வருஷம், ஆனி மாதக் கடைசி. அவருடைய பட்டாளத்து மோட்டார் சைக்கிள் நாலு இருமல் இருமிவிட்டு நடுத்தெருவில் நின்றுபோயிருந்தது. மூன்று வாரத்தில் இது ஏழாவது தடவை.

பார்க்கக் கூடாத ஆள் பார்த்துவிட்டார் என்பதுதான் கஷ்டம். புளியங்குடி எலுமிச்சை கமிஷன் கடை ஆவுடையப்பன், வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே பக்கத்தில் வந்தார். அந்த வண்டி மேல் அவருக்கு ரொம்ப நாளாக ஒரு கண்.

“என்னவே சொரிமுத்து, வண்டி சாமி கும்பிட நின்னுட்டோ?”

“சூடேறிட்டுவே. ஆறினா ஓடும்.”

“மூணு வாரமா சூடேறுதுல்லா! பேசாம எங்கிட்ட தந்துரும். பத்திரம் எழுதுத கைக்கு ஸ்பானர் எதுக்கு?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சொரிமுத்துவுக்குக் காது மடல் சிவந்துவிட்டது. ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து அடுத்தவன் நிலத்துக்கு நாலு எல்லையும் பிசகாமல் எழுதுகிற மனுஷன், தன் நாக்குக்கு எல்லை போட மறந்துபோனார்.

“வாற ஞாயித்துக்கிழம பாரும்வே. இங்கனயிருந்து குத்தாலம், குத்தாலத்துலேருந்து செங்கோட்டை, திரும்ப இதே கோபுரத்தடி. நடுவழியில இஞ்சின் நின்னுச்சுன்னா, நின்ன எடத்துலயே வண்டி உமக்கு. சல்லிக்காசு தர வேண்டாம்.”

“நிக்கலைன்னா?”

“நீரே சொல்லும்.”

ஆவுடையப்பன் கொஞ்சம் யோசித்தார். “ஒரு சாக்கு எலுமிச்சம்பழம். எந் தலையில நானே சுமந்து உம்ம வீட்டு நடையில எறக்குதேன். சரிதானா? ஆனா வாய்ச்சொல்லு வேண்டாம். எழுதும்வே, உம்ம கையாலயே எழுதும்.”

எழுதினார். ‘சுயபுத்தியோடும் பிறர் தூண்டுதல் இன்றியும்’ என்று பத்திரத்தில் வழக்கமாக வருகிற வரியையும் விடாமல் சேர்த்தே எழுதினார். சுயபுத்தி அந்த நேரத்தில் எந்தத் தெருவில் மேய்ந்துகொண்டிருந்ததோ, அந்தக் கோபுரத்துக்கே வெளிச்சம்.

அந்த வண்டி அவருக்கு என்ன என்பதைச் சொன்னால்தான் இது எவ்வளவு பெரிய பைத்தியக்காரத்தனம் என்று தெரியும். பி.எஸ்.ஏ. வண்டி. சண்டைக்காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் ஓட்டியது. சண்டை முடிந்து ஏலத்துக்கு வந்து, கை மாறி கை மாறி, கடைசியில் புளியரைக்கு மேலே ஒரு தோட்டத்துக் கொட்டகையில் கோழி அடையும் பெஞ்சாக ஆகிவிட்டது. சொரிமுத்து ஒரு பத்திர விஷயமாகப் போனவர், முட்டை பொறுக்குகிற சாக்கில் அதன் பெட்ரோல் டாங்கைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தார். மறுவாரம் மாட்டு வண்டியில் அது வீட்டுக்கு வந்து இறங்கியது.

மூன்று வருஷம். ஞாயிற்றுக்கிழமை என்றால் முற்றத்தில் சாக்கை விரித்து, அதன் மேல் நட்டும் போல்ட்டுமாகப் பரப்பிவிடுவார். மதுரையில் இருந்து ஒரு சாமான், திருநெல்வேலி லேத்தில் கடைந்த ஒரு சாமான், கோயம்புத்தூரில் யாரோ செத்தவர் வீட்டில் கிடந்த ஒரு சாமான் என்று காக்காய் கூடு கட்டுகிற மாதிரி சேர்த்தார். துரு சுரண்டிச் சுரண்டி அவர் நகக்கண் கறுத்துவிட்டது. பத்திரத்தில் கைரேகை வைக்க வந்தவர்கள், “அண்ணாச்சி, நீங்களும் ரேகை வச்சிட்டீங்களோ?” என்று கேட்டார்கள்.

அவர் மனைவி உலகம்மைக்கு அந்த வண்டியைக் கண்டாலே ஆகாது. முறுக்கு சுடுகிற சட்டியில் மண்ணெண்ணெய் ஊற்றி அவர் செயினை ஊறப்போட்ட அன்று, அந்த அம்மாள் அதற்கு ஒரு பெயர் வைத்தாள். சக்களத்தி. “எஞ் சக்களத்தி குளிச்சு முடிச்சாச்சா? சோறு ஆறுது” என்றுதான் சாப்பிடக் கூப்பிடுவாள்.

ஆனால் போன சித்திரையில் ஒருநாள் அது உயிர் வந்து டப்டப்பென்று முழங்கியது. சொரிமுத்துவுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. வெட்கப்படாமல் அழுதார். பின்னால் உலகம்மையை உட்கார வைத்து குற்றாலம் வரை ஓட்டிப்போனார். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவள் வாய் ஓயாமல் சிரித்தது அன்றைக்குத்தான். திரும்பி வந்ததும் வண்டிக்குச் சூடம் காட்டினாள். அப்புறம் சக்களத்தி என்ற பேச்சே கிடையாது. “நம்ம வண்டி” ஆகிவிட்டது.

எல்லாம் நன்றாகத்தான் போனது, வைகாசி தாண்டும்வரை. அப்புறம்தான் இந்த இழவு நிற்கும் வியாதி. நாலு மைல் ஓடும், இருமும், நின்றுவிடும். இறங்கி, பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்து, மூடி, ஓர் உதை உதைத்தால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். அடுத்த நாலு மைலில் மறுபடியும் அதே கதை. பஸ் கம்பெனி ஃபிட்டர் முகம்மது மீரானைக் கூப்பிட்டுக் காட்டினார். மீரான் பிளக்கை மாற்றினார். மேக்னெட்டோவைப் பிரித்துப் பூட்டினார். கார்புரேட்டரை ஊதி ஊதித் துடைத்தார். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு, “மொதலாளி, இதுல ஒரு கொறையும் இல்ல. இது நிக்கக் கூடாது. ஆனா நிக்குது” என்றார். அதைச் சொல்ல ஃபிட்டர் எதற்கு?

பெட்ரோல்தான் போதவில்லையோ என்று பயந்து டாங்கை நிறைத்து வைத்தார். நிறைக்க நிறைக்க இன்னும் சீக்கிரமாக நின்றது. மூன்று வருஷம் பிரித்துப் பூட்டியதில் தன் கை எங்கேயோ ஒரு தப்பைச் செய்துவிட்டது என்று அவர் மனதுக்குள் நொந்துபோனார். வெளியில் சொல்லவில்லை.

பந்தயம் வைத்துவிட்டு வந்த அன்று விஷயத்தைச் சொன்னபோது உலகம்மை ஏசுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் அரிசி களைந்த கையோடு அப்படியே நின்றாள்.

“அப்ப ஞாயித்துக்கிழம நானும் வாரேன்.”

“நீ எதுக்குட்டி?”

“வண்டி நின்னு அவுக ஓட்டிட்டுப் போயிட்டா, நீங்க தனியா நடந்துல்லா வரணும்” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டாங்க் ததும்பத் ததும்ப பெட்ரோல். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். உலகம்மை தலைக்குக் குளித்துவிட்டு வந்து, ஒரு கிண்ணம் நிறையச் சந்தனம் அரைத்து, முன் விளக்கிலும் ஹேண்டில் பாரிலும் டாங்க் மூடியிலும் அப்பினாள். ஆனி பிறந்ததில் இருந்து வெள்ளிக்கிழமைதோறும் வைப்பதுதான், இன்றைக்கு இரண்டு பங்கு. மூடி இருக்கிற இடமே தெரியவில்லை. அதன் மேல் ரூபாய் அகலத்துக்கு ஒரு குங்குமப் பொட்டு. கண்ணேறுதான் வண்டியை நிறுத்துகிறது என்பது அவளுடைய தீர்மானம்.

கோபுரத்தடியில் ஆவுடையப்பன் காரோடு தயாராக நின்றார். சாட்சிக்கு மீரானையும் ஏற்றிக்கொண்டார். வண்டி கிளம்பியது. கார் பின்னாலேயே வந்தது, பிணத்துக்குப் பின்னால் போகிற மாதிரி மெதுவாக.

இலஞ்சி வரை ஒரு குறையும் இல்லை. இரண்டு பக்கமும் வயல், எதிரே மலை, மலை உச்சியில் மேகம். உலகம்மை அவர் தோளைப் பிடித்துக்கொண்டு முணுமுணுவென்று ஏதோ நேர்ந்துகொண்டே வந்தாள். இலஞ்சி தாண்டியதும் முகத்தில் சில்லென்று சாரல் விழுந்தது.

அப்போதுதான் வண்டி இருமியது.

ஒரு இருமல். இரண்டு இருமல். அந்த இருமல் சொரிமுத்துவுக்கு மனப்பாடம். இன்னும் நூறு கஜம், அதற்கு மேல் தாங்காது. பின்னால் கார் ஹாரனைச் செல்லமாக ஒரு தட்டு தட்டியது. போச்சு, எல்லாம் போச்சு என்று தலையைக் குனிந்தார்.

குனிந்ததால்தான் பார்த்தார். சாரலில் நனைந்து டாங்க் மூடிச் சந்தனம் குழைந்திருந்தது. மஞ்சள் தண்ணீர் டாங்கில் வழிந்து அவர் வேட்டியில் இறங்கியது. ஆனால் மூடியின் நட்டநடுவில், குங்குமப் பொட்டு இருந்த இடத்தில், சந்தனம் வழியவில்லை. உள்ளே குழிந்தது. பால் குடிக்கிற பிள்ளையின் கன்னம் குழிகிற மாதிரி, எதுவோ அதை உள்ளிருந்து உறிஞ்சியது.

அந்த இடத்தில் ஒரு துளை உண்டு. ஊசி முனை நுழைகிற அளவுக்கு, காற்று போவதற்காக வைத்தது. பெட்ரோல் கீழே இறங்க இறங்க அந்த வழியாகத்தான் டாங்க் மூச்சு விட வேண்டும். துரு சுரண்டிய காலத்தில் அவரே அதை ஊசியால் குத்தித் திறந்தவர். இந்த மூன்று வாரமும் மூடியைத் திறக்கும்போதெல்லாம் ‘உஸ்’ என்று ஒரு சத்தம் கேட்டதே! நிறைந்த டாங்க் சீக்கிரம் நின்றதே! அட மடையா!

“ஏட்டி உலகு! ஊக்கு! ஊக்கு தா!”

“என்னது?”

“தாலியில கெடக்குல்லா, ஊக்குட்டி! வெரசா!”

மனுஷனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே அவள் நினைத்தாள். ஆனாலும் தாலிக்கயிற்றில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி, அவர் தோளுக்கு மேலே நீட்டினாள். வண்டி மூன்றாவது முறை இருமியது. வேகம் நடக்கிற அளவுக்கு வந்துவிட்டது. இடது கையால் ஊக்கை வாங்கி, குழிந்த இடத்தில் ஒரே குத்து.

‘உஸ்ஸ்ஸ்’ என்று நீளமாக ஒரு மூச்சு. ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த கணம் வண்டி ஒரு குலுக்கு குலுக்கிக்கொண்டு முழங்கியது. அந்த முழக்கத்தில் வயலில் நின்ற கொக்கெல்லாம் எழுந்து பறந்தன.

“ஓடுதுட்டி!” என்று சொரிமுத்து கத்தினார். “ஓடுது!”

அதற்கப்புறம் அது நிற்கவே இல்லை. குற்றாலத்தில் எண்ணெய்த் தலையும் ஈரத்துண்டுமாகப் போன கூட்டம் விலகி வழிவிட்டது. செங்கோட்டைச் சாலையில் சாரல் முகத்தில் அடித்தது. சொரிமுத்துவுக்கு அது பன்னீர் தெளித்த மாதிரிதான் இருந்தது. மூன்று வாரமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாறாங்கல் எங்கோ வழியில் உருண்டு விழுந்துவிட்டது. தன் கை தப்புச் செய்யவில்லை! அதை நினைத்து நினைத்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டே ஓட்டினார்.

கோபுரத்தடியில் வந்து அவராகவே இஞ்சினை அணைத்தார். கார் பின்னால் வந்து நின்றது. ஆவுடையப்பன் இறங்கி வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

“இலஞ்சிகிட்ட செத்துட்டுன்னுல்லா நெனச்சேன். என்ன மந்திரம்வே போட்டீரு?”

சொரிமுத்து வாயைத் திறந்தார். பக்கத்தில் உலகம்மை நிற்பது அப்போதுதான் உறைத்தது. முகமெல்லாம் மழைத்தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு. ஊர்ச்சனம் பாதி மறுபடியும் சுற்றி நின்றது.

“மந்திரம் என்ன மந்திரம். எல்லாம் சாமி செயல்வே” என்றார். சொல்லிக்கொண்டே துண்டின் நுனியால் டாங்க் மூடியை மெதுவாகத் துடைத்தார்.

துடைத்த கையை மீரான் பார்த்தார், மூடியைப் பார்த்தார். அப்படியே தலையில் அடித்துக்கொண்டார். நல்ல மனுஷன், ஒன்றும் சொல்லவில்லை. ஆவுடையப்பன் அந்த எழுத்தை நாலாகக் கிழித்துப் போட்டுவிட்டு, “நாளைக்குச் சாக்கோட வாரேன்” என்று கிளம்பினார்.

கூட்டம் கலைந்தபின் உலகம்மை கேட்டாள்: “ஊக்கு எதுக்கு கேட்டீங்க?”

“அது… சும்மா.”

“சும்மாவா? ஓடுத வண்டியில தாலி ஊக்கைச் சும்மாவா கேப்பாக?”

அவள் கண் அவர் துண்டுக்குப் போனது. துண்டில் சந்தனக் கறை. மூடியில் குட்டியூண்டு துளை, அதன் ஓரத்தில் இன்னும் கொஞ்சம் மஞ்சள். இருபது வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு இதைக் கூட்டிக் கழித்துப் பார்க்கவா தெரியாது? சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

“அப்ப நாந்தானா? வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம நாந்தான் அடச்சு வச்சேனா?” அவள் குரல் உடைந்துவிட்டது. “அய்யோ, கும்பிட்டே கொன்னிருப்பேனே!”

“ஏட்டி, அழாத. கொல்லலைல்லா.” சொரிமுத்து சட்டைப்பையில் இருந்து ஊக்கை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். “அடச்சதும் நீதான். தொறந்ததும் உன் ஊக்குதான். நீ மட்டும் இன்னைக்குக் கூட வராம இருந்திருந்தா, நான் இப்ப இலஞ்சியிலேருந்து நடந்துல்லா வந்துக்கிட்டு இருப்பேன்.”

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவர் தோளில் பட்டென்று ஒரு அடி வைத்தாள். கோபுரத்து முன்னால், பட்டப்பகலில்.

மறுநாள் ஆவுடையப்பன் சாக்கைத் தலையில் சுமந்து வந்து இறக்கினார். அந்த வருஷம் தெருவுக்கே உலகம்மை வீட்டு ஊறுகாய்தான். வெள்ளிக்கிழமைச் சந்தனத்தையும் அவள் நிறுத்தவில்லை. முன் விளக்கில் வைப்பாள், ஹேண்டில் பாரில் வைப்பாள். டாங்க் மூடிக்கு வந்ததும் தாலி ஊக்கைக் கழற்றி அந்தத் துளையில் ஒரு தடவை விட்டு எடுப்பாள். அப்புறம்தான் சூடம் காட்டுவாள்.