திரும்பி வந்த டிஸ்க்

1

டடக்! கணினியின் டிஸ்க் தட்டு வெளியே பாய்ந்து காபி டம்ளரைத் தள்ளிவிட்டது. "போச்சு!" என்றது ஓர் ஆண் குரல்.

இந்தக் கதை பிறந்தது அந்தச் சத்தத்தில். பக்கத்து வீட்டுக்கும் எனக்கும் நடுவே இருப்பது சுவர் என்ற பெயரில் ஓர் அட்டை.

அங்கே லேத்தில் இரும்பு கடையும் ஒரு கடைசல்காரர், அவர் மனைவி. மனைவி செல்போன் பழுது பார்ப்பவர். பழைய கணினியில் லினக்ஸ் போட்டு வைத்திருக்கிறார். கடைசல்காரரை வேலையிலிருந்து நீக்கிய பட்டறை முதலாளி வேறு யாருமில்லை, மனைவியின் அண்ணன். 'அவரே விலகிவிட்டார்' என்று தொழிலாளர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார். "நான்தாண்டா உன்னை நீக்கினேன்" என்று அவர் கத்தியது கடைசல்காரரின் போனில் பதிவாகியிருக்கிறது. அந்த ஆதாரத்தை அலுவலகம் டிஸ்க்கில்தான் வாங்கும். இன்று ஐந்து மணியோடு கெடு முடிகிறது.

2

முதல் டிஸ்க் நேற்றே அலுவலகத்திலிருந்து திரும்பி வந்துவிட்டது. ஒலிப்பதிவை விட்டுவிட்டு, அது எங்கே இருக்கிறது என்று மென்பொருள் குறித்துவைத்த பட்டியலை மட்டும் மனைவி டிஸ்க்கில் எரித்திருந்தார், அதாவது பதிந்திருந்தார். (பதிவு வீட்டுக் கணினியில் இருப்பதால் இங்கே பேசும். அலுவலகத்தில் ஊமை. புதியவர்கள் செய்யும் பிழை என்று எழுதிவைத்தேன்.)

"அந்த சாஃப்ட்வேரே சரியில்ல. வேற போடு," என்றார் கடைசல்காரர்.

வேறு என்றால் மூன்று. (பெயர் சொன்னால் கதை விளம்பரமாகிவிடும்.) ஒன்றில் பொத்தான்கள் மட்டுமே ஒரு பட்டாளம். இன்னொன்றில் ஒரே ஜன்னல். மூன்றாவது கறுப்புத் திரை. கட்டளையை நாமே தட்ட வேண்டும்.

"சீக்கிரம் முடியறதைப் போடேன்!"

"எரிச்சு முடிச்சதும் சரிபாக்குறதைத்தான் போடுவேன். இன்னொரு தடவை திரும்பி வரணுமா?"

"உங்கண்ணன் பேசினதை ஊரே கேக்கட்டும்."

"அந்த ஊர்ல எங்கம்மாவும் இருக்காங்க."

3

'கணவனுக்காக அவர் விரல்கள் பதறி—'

இந்த வரியை அடித்துவிடுகிறேன். பதறவில்லை. காலி டிஸ்க் கொடுக்கப் போனபோது பார்த்தேன். பொத்தான் பட்டாளத்தைத் தேர்ந்தெடுத்து, கணினிக் கோப்பு ஒன்றை உள்ளே இழுத்துப் போட்டு, 'சரிபார்' கட்டத்தில் குறியிட்டார். நாலேகாலுக்குத் திரையில் பச்சை எழுத்து: வெற்றி.

(எரிந்தது போட்டதோடு ஒத்துப்போகிறது என்றுதான் அந்தப் பச்சை சொல்லும். போட்டது எது என்று சொல்லாது.)

4

முடிவு அ: அதிகாரி டிஸ்க்கைச் செருகுகிறார், அண்ணனின் குரல் அதிர்கிறது. முடிவு ஆ: ஊமை. இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டுமே நம்பும்படி இருக்கின்றன. போட்டுக் கேட்க நேரமில்லை. வாசலில் கடைசல்காரர் பைக்கை உதைத்துக்கொண்டிருக்கிறார். நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். அதற்கு முன், டிஸ்க்கை உறையில் போட்டுக்கொண்டிருந்த மனைவியிடம் நான் கேட்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்.

"போனையே பிரிச்சு மேயுற ஆளு நீங்க. முதல் டிஸ்க்ல எப்படிம்மா அந்தத் தப்பு வந்துச்சு?"

அவர் வாசலைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அது தப்புன்னு யார் சார் சொன்னா?"