பாக்கி விருந்து

அண்ணன் நவநீதன் போன் செய்தபோது நான் ஸ்ரீரங்கம் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பதினைந்து வருடத்தில் அதுதான் முதல் போன். எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. "செந்தமிழனுக்குக் கல்யாணம் வச்சிருக்கு. நீ வரணும்" என்றார்.

ஏன் வர வேண்டும் என்பது எனக்குத் தெரியும். செந்தமிழன் அண்ணனுக்கு ஒரே பிள்ளை. அவன் தாலி கட்டும்போது நாத்தனார் முடிச்சுப் போடக் கூடப்பிறந்தவள் இல்லை. அந்த இடத்தில் நிற்க வேண்டியவள் அத்தை, அதாவது நான். பெண் வீட்டுக்காரர்கள் "மாப்பிள்ளைக்கு அத்தை இருக்காங்களாமே, எங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். அப்போதுதான் நான் உயிரோடு இருப்பது அண்ணனுக்கு ஞாபகம் வந்திருக்கிறது.

"வரேன். அதுக்கு முன்னாடி எங்களுக்கு ஒரு விருந்து பாக்கி இருக்கு. அதப் போடுங்க" என்றேன்.

கல்யாணமான புதிதில் ஜோடியைச் சொந்தக்காரர்கள் வரிசையாக வீட்டுக்கு அழைப்பார்கள். இலை போட்டுச் சோறு போட்டு, புதுத்துணி கொடுத்து அனுப்புவார்கள். நானும் கிளமென்ட்டும் திருச்சி ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொண்டோம். முசிறிப் பெண், திருவெறும்பூர் வேதக்காரப் பையன். எங்களுக்கு ஒரு வீட்டிலும் இலை விழவில்லை. அவர் சொந்தமும் என் சொந்தமும் ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

கையெழுத்துப் போட்ட அன்றைக்கே மாலையும் கழுத்துமாக முசிறிக்குப் போனோம். அப்பா அம்மா இல்லாத எனக்கு அண்ணன் வீடுதான் தாய்வீடு. அண்ணி அழகம்மாள் எங்களைப் பார்த்ததும் அவசரமாக இரண்டு இலை போட்டுத் தண்ணீர் தெளித்துவிட்டார். அண்ணன் உள்ளேயிருந்து வந்தார். என் இலையைக் குனிந்து எடுத்தார். என் கண்ணைப் பார்த்துக்கொண்டே அதை வெளிப்பக்கமாக மடித்தார். விருந்து சாப்பிட்டால் இலையை நம் பக்கமாக மடிப்போம், அந்த உறவு தொடர வேண்டும் என்று. சாவு வீட்டுச் சாப்பாட்டில்தான் வெளிப்பக்கம் மடிப்பார்கள். எனக்கு அன்றைக்குக் கருமாதிச் சாப்பாடு போட்டுவிட்டு, வெற்று இலையை மாட்டுக்கு வீசினார் என் அண்ணன். நாங்கள் முசிறி பஸ் ஸ்டாண்டில் பன்னும் டீயும் சாப்பிட்டோம்.

அந்த இலையைத் திருப்பிக் கொடுக்கத்தான் போகிறேன். அவர் கையால் எல்லாம் பரிமாற வேண்டும். ஒரு பருக்கை தொடாமல் நான் வெளிப்பக்கம் மடித்துவிட்டு எழுந்திருக்க வேண்டும். கல்யாணத்துக்கும் போகக்கூடாது. பெண் வீட்டார் கேட்கட்டும், அவர் பதில் சொல்லட்டும்.

இதைக் கிளமென்ட்டிடம் சொன்னபோது அவர் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். "சரி, முசிறிக்கு மட்டும் போயிட்டு வந்துடலாமே" என்றார். "மத்தவங்கள ஏன் விடணும்?" என்றேன். வருகிறோம் என்று எல்லாருக்கும் போன் செய்து சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினோம்.

முதல் வீடு திருவெறும்பூரில் அவருடைய அக்கா இருதயமேரியின் வீடு. எங்கள் கல்யாணச் சேதி கேட்டு மூன்று நாள் ஜெபமாலையைக் கீழே வைக்காத அம்மாள். பூசை முடிந்து வந்து ஆப்பமும் ஆட்டுக்கறிக் குழம்பும் செய்து வைத்திருந்தார். அருமையான குழம்பு, அதில் பொய் சொல்ல மாட்டேன். "இன்னொரு ஆப்பம் போடுங்கக்கா" என்றேன். போட்டார். மறுபடியும் கேட்டேன். மாவு தீரும்வரை கேட்டேன். கடைசியில் ஒரு பச்சைப் புடவையை நீட்டினார். அதை முழுக்கப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "எனக்குப் பச்சை நல்லாருக்காது. அன்னிக்கே கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றேன். அவர் முகம் சுருங்கியது. புடவையை விடாமல் எடுத்துக்கொண்டேன்.

அடுத்தது முக்கொம்பு பக்கம் இருக்கும் என் அப்பாவின் தம்பி, அடைக்கலம் சித்தப்பா. ஒருமுறை சத்திரம் பஸ் ஸ்டாண்டில் எங்களைப் பார்த்ததும் அவசரமாகக் கரூர் பஸ்ஸில் ஏறிக்கொண்டவர். அவர் போக வேண்டியது அரியலூருக்கு. வடையும் காபியும் கொடுத்தார். கிளம்பும்போது வாசலில் தெருவே கூடியிருந்தது. "சித்தப்பா, இவர் யாருன்னு அவங்களுக்குச் சொல்லுங்க" என்றேன். குரலைத் தாழ்த்தி, "எங்க மாப்பிள்ளை" என்றார். "கேக்கல சித்தப்பா." "எங்க மாப்பிள்ளைம்மா" என்று தெருமுனைவரை கேட்கச் சொன்னார். காரில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

கிளமென்ட் சிரிக்கவில்லை. பேட்டவாய்த்தலை தாண்டியபிறகு, "ஒரு விஷயம் சொல்லவா? எனக்கு இதுல யார் மேலயும் கோபம் இல்ல, யமுனா" என்றார்.

"உங்களுக்கு இலை மடிக்கலயே."

"பக்கத்து இலை என்னோடதுதான். எனக்கும் பசிச்சுது."

சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். குளித்தலையில் பாலம் ஏறினோம். காவிரியில் பாதி தண்ணீர், பாதி மணல். பாலத்தைத் தாண்டினால் முசிறி.

அண்ணன் வீட்டு வாசலில் பந்தக்கால் நட்டிருந்தது. அதனால் சைவச் சமையல்தான். அண்ணன் நன்றாக மெலிந்திருந்தார். "வாங்க" என்றார், யாரைச் சொன்னார் என்று தெரியாதபடி. கூடத்தில் பாய் விரித்து இரண்டு தலைவாழை இலை போட்டிருந்தது. அவர் தோட்டத்து இலை, விடியலில் அறுத்தது. ஓரத்தில் ஒரு கிழிசல் இல்லை.

அண்ணி பாத்திரத்தைத் தூக்கினார். "அண்ணன் பரிமாறட்டும் அண்ணி" என்றேன். அண்ணி கரண்டியை அவரிடம் கொடுத்துவிட்டார். உப்பு, ஊறுகாய், அவரைக்காய்ப் பொரியல், வாழைப்பூக் கூட்டு, வடை, அப்பளம், பாயசம் என்று ஒவ்வொன்றாகக் குனிந்து வைத்தார். முட்டி மடங்கும்போது முனகினார். எனக்கு இரக்கம் வரவில்லை. சோறு போட்டு, பருப்பு விட்டு, நெய் விட்டு, சாம்பார் ஊற்றினார். கிளமென்ட்டின் கை அப்பளத்தைத் தொட்டுவிட்டுப் பின்வாங்கியது.

"சாப்பிடு" என்றார் அண்ணன்.

நான் அவர் கண்ணைப் பார்த்தேன். இலையின் கீழ்ப்பாதியைப் பிடித்துத் தூக்கி, எல்லாவற்றோடும் சேர்த்து வெளிப்பக்கமாக மடித்தேன். சாம்பார் பாயில் ஓடியது. "ஐயோ, யமுனா" என்றார் அண்ணி. எழுந்து நின்றேன். பதினைந்து வருடம் மனசுக்குள் நடத்திப் பார்த்த காட்சி. அவ்வளவு இனிப்பாக இருந்தது.

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அதற்குப் பதில்கூட வைத்திருந்தேன். அவர் கரண்டியைக் கீழே வைத்தார். மெதுவாக நான் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தார். மடித்த இலையைப் பிரித்தார். பாயசமும் சாம்பாரும் ஊறுகாயும் ஒன்றாகிக் கிடந்தன. அதைப் பிசைந்து ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டார்.

"என்ன பண்றீங்க?" என்றேன்.

"அன்னிக்கு நான் மடிச்ச இலையில சோறு இல்ல. இதுல இருக்கு. நீ கல்யாணத்துக்கு வராட்டியும் சரி, அது உன் இஷ்டம். நான் சாப்பிட்டு முடிக்கிறவரைக்கும் நில்லு."

"அதுல பாயசம் கலந்திருக்குங்க. உங்களுக்குச் சுகர்" என்றார் அண்ணி. அவர் அடுத்த கவளத்தை எடுத்தார்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. என் பழியை என் கண் முன்னாலேயே பிசைந்து தின்கிறார் மனிதர். தடுக்கவும் முடியாது, சண்டை போடவும் முடியாது. இவரிடம் நான் எப்போதுமே இப்படித்தான் தோற்றிருக்கிறேன். அப்போது பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. கிளமென்ட் அப்பளத்தை நொறுக்கிச் சோற்றில் போட்டுப் பிசைந்துகொண்டிருந்தார்.

"நீங்களுமா?"

"அவர் மட்டும் தனியா சாப்பிடுறாரு" என்றார்.

அண்ணன் திரும்பி அவரைப் பார்த்தார். முதல்முறையாகப் பார்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும். இடது கையால் நெய்க்கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளி, "நெய் ஊத்திக்குங்க மாப்பிள்ளை" என்றார். இதை நான் கேட்டு வாங்கவில்லை. தெருவும் கூடியிருக்கவில்லை.

இரண்டு ஆண்களும் சாப்பிட்டார்கள். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுதேன், கோபத்தில்தான். அண்ணன் இலையை வழித்து முடித்தார். மடிக்கவில்லை.

"இது உன் இலை. நீயே மடி" என்றார்.

வெறும் இலை. எந்தப் பக்கமும் மடிக்கலாம். நான் போய் அவர் பக்கத்தில் குனிந்தேன். உள்பக்கமாக மடித்தேன்.

மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மாட்டுக்கு வீசிய இலை இன்னும் என் கண்ணுக்குள்தான் இருக்கிறது. ஆனால் எனக்குப் பசித்தது. ஆப்பம் எல்லாம் எப்போதோ கரைந்துவிட்டிருந்தது.

"எனக்குச் சோறு போடுங்க" என்றேன்.

அண்ணி சமையலறைப் பக்கம் திரும்பினார். "நீங்க இல்லண்ணி, அவரு. இலையும் அவரே போய் அறுத்துட்டு வரட்டும்."

அண்ணன் தரையில் கையை ஊன்றி எழுந்தார். கையைக் கழுவிவிட்டு, கொல்லைக் கதவுக்குப் பின்னால் செருகியிருந்த அரிவாளை எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கினார்.

"கிழிசல் இருந்தா உக்கார மாட்டேன்" என்று பின்னாலிருந்து சொன்னேன்.

"தெரியும்" என்றார்.