ஸ்பேர் வண்டிக்கு ஸ்பேர் கிடையாது

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என் சொந்தச் சரக்கில்லை, அக்காவிடமிருந்து சுட்டது. அவள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள், நானும் சாப்பிட்டுக்கொண்டே எடுத்துக்கொண்டேன். கை கழுவப் போகும்போது, "இதையும் எழுதித் தொலைச்சிடுவியே" என்றாள். நான் அதற்குள் ஈரக் கையோடு பேனா தேடிக்கொண்டிருந்தேன்.

அக்கா வேலை பார்க்கும் இடத்தில் எட்டு வேன்கள். சிறுநீரகம் பழுதானவர்களை வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய், திரும்ப வீட்டில் விடுவதுதான் அவற்றின் பிழைப்பு. ஓயாத ஓட்டம். எந்த வேனை எந்த நாள் நிறுத்தி, ஆயில் மாற்றி, பிரேக் பார்த்து அனுப்புவது என்று சர்வீஸ் அட்டவணை போடுவது அக்கா. பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடினால் ஷெட்டுக்குப் போயே ஆகவேண்டும். ஒரு வேன் ஷெட்டில் நிற்கும்போது அதன் வேலையைப் பார்க்க, ஒன்பதாவதாக ஒரு ஸ்பேர் வண்டி.

'சர்வீஸ் அட்டவணையா? அதில் என்னய்யா கதை?' என்று நீங்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. நானும் அதையேதான் நினைத்தேன். அதனால்தான் இப்படித் தொடங்கினேன்:

மழை கொட்டிக்கொண்டிருந்தது. சரிவில் இறங்கிய வேனின் பிரேக்கை டிரைவர் மிதித்தார். மிதி உள்ளே போனது. வேன் நிற்காமல்—

2

இந்த இடத்தில் அக்கா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"உள்ள யார் யார் உக்காந்திருக்காங்க?"

"நோயாளிங்கக்கா. ஆறு பேரு."

"ஆறு பேருன்னா? முன்சீட்டுல தையல்காரர், அவருக்குக் கால் நீட்டணும். நடு சீட்டுல ரெண்டு டீச்சருங்க, ஒருத்தருக்கொருத்தர் பேச்சுவார்த்தை கிடையாது. ஜன்னலோரம் லைப்ரரிக்காரம்மா. பின்னாடி நம்ம 'ரேடியோ', ஏறினதுலேருந்து வாய் மூட மாட்டாரு. அவர் பேச்சை வேற வழியில்லாம கேட்டுக்கிட்டு வர்ற காலேஜ் பொண்ணு. இதுல யாரைச் சாகடிக்கப் போற? சொல்லு."

நான் அசடு வழிந்தேன். யாரையும் மனதில் வைத்து எழுதவில்லை, அதுதான் என் தப்பு. மழையை நிறுத்திவிட்டேன். சரிவையும் எடுத்துவிட்டேன். மேலே பாதியில் தொங்கும் அந்த வாக்கியத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன், என் புத்தி எப்படிப் போகிறது என்று உங்களுக்கும் தெரியட்டும்.

[ஒரு பக்கக் குறிப்பு: தையல்காரர் நிஜத்தில் தையல்காரர் இல்லை. அக்கா கேட்டுக்கொண்டதால் ஆறு பேரின் தொழிலையும் மாற்றியிருக்கிறேன். ரேடியோவை மட்டும் மாற்ற முடியவில்லை. அவர் எந்தத் தொழிலில் இருந்தாலும் ரேடியோதான்.]

3

நடந்தது இதுதான். ஒவ்வொரு டிரைவரிடமும் அவரவர் வேனுக்கான டிரிப் ஷீட் இருக்கும். அன்றைக்கு ஓட்டிய கிலோமீட்டரை மாலையில் எழுதிக் கொடுப்பார். அதைக் கூட்டித்தான் அக்கா அட்டவணை போடுவாள். ஸ்பேர் வண்டிக்கென்று தனி டிரைவர் கிடையாது. யாருடைய வேன் ஷெட்டில் நிற்கிறதோ, அவர் எடுத்துப்போவார். மாலையில் வந்து, பழக்கதோஷத்தில், தன் வேனின் ஷீட்டிலேயே கிலோமீட்டரை எழுதிவிடுவார். 'நான்தானே ஓட்டினேன்?'

யாரும் பொய் எழுதவில்லை, அதுதான் வேடிக்கை. ஷெட்டில் சொகுசாகத் தூங்கிய வேன்கள் காகிதத்தில் ஓடின. தினமும் ஓடிய ஸ்பேர் வண்டி காகிதத்தில் அசையாமல் நின்றது.

ஒரு திங்கட்கிழமை, ஸ்பேர் வண்டியில் யாரோ மறந்துவைத்த டிபன் டப்பாவை எடுக்க அக்கா அதில் ஏறினாள். கண் தற்செயலாக மீட்டரில் விழுந்தது. ஃபைலில் இருந்தது, கடைசி சர்வீசுக்கு அப்புறம் நானூறு கிலோமீட்டர். மீட்டரைக் கழித்துப் பார்த்தால் வந்தது இருபத்துமூவாயிரம்.

(அவளுடைய அதிர்ச்சியை வர்ணித்து மூன்று வாக்கியங்கள் எழுதினேன். மூன்றிலும் இதயம் வந்து படபடத்தது. அடித்துவிட்டேன்.) அவள் சொன்னதையே போடுகிறேன்: "வெக்கமா இருந்துச்சுடா. தினமும் அந்த வண்டி என் ஜன்னலுக்கு எதிர்லதான் போயிட்டு வந்துட்டு இருந்துச்சு."

4

அடுத்து மேலாளர். கதைக்கு ஒரு வில்லன் வேண்டுமே என்று அவருக்குப் பெரிய மீசை வைத்தேன். அக்கா படித்துவிட்டு, "பாவம்டா அவரு" என்று மீசையை எடுக்கச் சொன்னாள். எடுத்தேன். இப்போது அவர் வெறும் மனிதராக, தலைக்கு மேல் வேலையோடு நிற்கிறார். அவர் பக்கமும் நியாயம் உண்டு: எட்டில் ஒரு வேன் எஞ்சின் பிரிந்து கிடக்கிறது, பத்து நாளாகும். தையல்காரர் முதல் ரேடியோ வரை அதன் ஆறு பேரையும் சுமப்பது ஸ்பேர் வண்டிதான்.

"நாளைக்கே ஸ்பேரை நிறுத்தணும் சார்."

"நிறுத்திட்டு? ஸ்பேருக்கு ஒரு ஸ்பேர் வாங்கி வச்சிருக்கமா? பிரேக் பிடிக்குதா இல்லையா?"

"பிடிக்குது சார்."

"அப்புறம் என்னம்மா? பத்து நாள் பொறுங்களேன்."

"பத்து நாள்ல இன்னும் ஆயிரத்துச் சொச்சம் ஓடிடும் சார். அந்த ஆறு பேரை மத்த ஏழு வண்டியில பிரிச்சு ஏத்திடறேன்."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சரி, நிறுத்துங்க. ஆனா ஒண்ணு. எல்லாரையும் அலைக்கழிச்சிட்டு, சக்கரத்தைக் கழட்டிப் பாத்து உள்ள ஒண்ணுமே இல்லன்னா, அட்டவணையை வேற ஆளுகிட்ட குடுத்துடுவேன். நீங்க ஃபைல் ரூமுக்குப் போயிடுங்க."

அக்காவுக்கு அந்த வேலை உயிர். பதினோரு வருஷமாகப் போட்டுவரும் அட்டவணை. பயந்துதான் போனாள். ஆனாலும் "சரி சார்" என்றாள்.

5

இந்தப் பகுதியை விறுவிறுப்பாக்க எவ்வளவோ முட்டிப் பார்த்தேன். ஒரு பெண் உட்கார்ந்து முப்பத்தெட்டு வீடுகளுக்கு போன் செய்கிறாள், அவ்வளவுதான். ஆறு பேரை ஏழு வண்டியில் நுழைக்க, மற்றவர்களின் நேரமெல்லாம் முன்னும் பின்னும் நகர வேண்டியிருந்தது. ஒருவர் வைதார். ஒருவர் வைதுவிட்டு, மறுபடியும் போன் செய்து, விட்டுப்போன வசவையும் வைதார். முன்சீட்டு உண்டா என்று மட்டும் கேட்டார் தையல்காரர்.

முதல் டீச்சர், "அவங்க இல்லாத வண்டியா? அப்ப ஒரு மணி நேரம் முன்னாடியே கூட வர்றேன்" என்றார். போனை வைத்தவர் இரண்டு நிமிஷம் கழித்துத் திரும்பக் கூப்பிட்டார். "அவங்களுக்கு வண்டி கிடைச்சிடுச்சில்ல? நான் கேட்டேன்னு சொல்லாதீங்க."

செவ்வாய்க்கிழமை யாருக்கும் டயாலிசிஸ் தப்பவில்லை. லேட்டானவர்கள் உண்டு, முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டவர்கள் உண்டு. ஸ்பேர் வண்டி ஷெட்டில் ஜாக்கி மேல் ஏறி நின்றது. மெக்கானிக் சக்கரத்துக்கு முன்னால் குந்தினார். மேலாளர் வந்தார். அக்காவும் கைகளைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

6

முடிவு ஒன்று: சக்கரம் கழல்கிறது. பிரேக் கட்டை தேய்ந்து வெறும் தகடுதான் மிச்சம். மேலாளரின் முகம் தொங்கிப்போகிறது. மெக்கானிக் நிமிர்ந்து, "இன்னும் ரெண்டே நாள் ஓடியிருந்தா—"

("எங்க மெக்கானிக் இவ்வளவு நீளமா பேச மாட்டாரு" என்றாள் அக்கா. "'ம்'னுவாரு.")

முடிவு இரண்டு: சக்கரம் கழல்கிறது. கட்டையில் பாதிக்கு மேல் பாக்கி. மெக்கானிக் "ம்" என்கிறார். மேலாளர் திரும்பி நடக்கிறார். அக்கா மேசையைக் காலி செய்துகொண்டு ஃபைல் ரூமுக்கு—

இரண்டையும் வாசித்துக் காட்டினேன்.

"முதல்ல இருக்கிறதுல நான் கெட்டிக்காரி. ரெண்டாவதுல லூசா?"

"படிக்கிறவங்க அப்படித்தான்க்கா எடுத்துப்பாங்க."

"ரெண்டுலயும் நான் செஞ்சது ஒண்ணுதானேடா."

இரண்டு முடிவுக்கும் குறுக்கே ஒரு கோடு போட்டேன்.

உள்ளே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். எவ்வளவு கேட்டாலும் சொல்வதாக இல்லை. மேலாளரை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன், அவர் இடத்தில் இப்போது நீங்கள் நிற்கிறீர்கள். நான்கு நட்டு கழன்றாயிற்று. ஐந்தாவது இறுகிப்போய்க் கிடக்கிறது, மெக்கானிக் முக்கிக்கொண்டிருக்கிறார். அக்கா உங்கள் முகத்தைத்தான் பார்க்கிறாள். நாளைக்கு அட்டவணை போடப்போவது யார், அக்காவா, வேறு ஆளா? இப்போதே சொல்லிவிடுங்கள். சக்கரம் கழன்ற பிறகு சொன்னால் எடுத்துக்கொள்ள மாட்டேன்.