மேடைப் படியில் இருந்த செடிகள்

வீட்டில் அவளுக்குக் குப்பைராணி என்று பெயர். வைத்தவன் அவளுடைய அண்ணன். கல்யாண மண்டபங்களை அலங்கரிப்பது அவள் தொழில். அதில் குப்பையே சேராமல் பார்த்துக்கொள்வது அவள் பெருமை. தெர்மகோல் கிடையாது, பிளாஸ்டிக் பூ கிடையாது, பறித்த பூகூடக் கிடையாது. பழைய பருத்தி விரிப்புகளைத் துவைத்துத் திரைச்சீலை ஆக்குவாள். தச்சுப் பட்டறையில் மிஞ்சிய பலகையில் மணமக்கள் பெயரை எழுதி வாசலில் நிறுத்துவாள். மருந்துக்கடைக் காலிப் புட்டிகளுக்குள் விளக்கு எரியும். "ஊரே தூக்கிப் போட்டதை ராஜமரியாதையோட மேடை ஏத்துறா என் தங்கச்சி" என்று அண்ணன் சொல்லும்போது கேலி பாதி, கர்வம் பாதி. வெளியே அந்தப் பெயர் சுருங்கி ராணி மேடம் ஆகிவிட்டது.

அவள் எடுத்து நடத்தும் கல்யாணங்களில் கடைசியாக ஒரு காட்சி உண்டு. மண்டபம் முழுக்கத் தொட்டிச் செடிகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன அட்டை தொங்கும்: 'என்னையும் வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்'. சாப்பாடு முடிந்ததும் மணப்பெண் மைக்கைப் பிடித்து, யாரும் வெறுங்கையோடு போகக் கூடாது என்பாள். ஆளுக்கொரு தொட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்புவார்கள். அரை மணியில் மண்டபம் துடைத்துவிட்டதுபோல் ஆகிவிடும். அப்புறம் அன்றைய மொத்தக் குப்பையையும் ஒரு சின்னத் துணிப்பையில் போட்டு ராணி தூக்கிக் காட்டுவாள். கைதட்டல் விழும். மணமக்களுக்கு விழுந்ததைவிடச் சத்தம் கொஞ்சம் கூடுதல் என்று சமையல்காரர்கள் பேசிக்கொள்வார்கள். ராணி அதை மறுத்ததில்லை.

இந்தக் கல்யாணத்துக்கு ஒரு வாரப் பத்திரிகையிலிருந்து ஆள் வருவதாக இருந்தது. பதினைந்து நாளாக ராணிக்குக் கால் தரையில் பாவவில்லை. இரண்டு நாள் இருக்கும்போது செடிப்பண்ணைக்காரர் போன் செய்தார். கால்வாசிச் செடிகளில் மாவுப்பூச்சி விழுந்துவிட்டதாம். தெரிந்தே கொடுத்தால் வாங்கிப் போகிறவர்கள் வீட்டுச் செடியும் சேர்ந்து நாசமாகும், அந்தப் பாவம் எனக்கு வேண்டாம் என்றார். நல்ல மனிதர். இந்த ஒரு தடவை மட்டும் கொஞ்சம் கெட்டவராக இருந்து தொலைத்திருக்கலாம் என்று ராணி நினைத்தாள். மேஜைகளும் நடைபாதையும் எப்படியோ நிரம்பின. மேடைப் படிகள் மட்டும் மொட்டையாக நின்றன.

அப்போதுதான் அண்ணியின் மாடி ஞாபகத்துக்கு வந்தது.

அண்ணி பெரியாஸ்பத்திரியில் நர்ஸ். இருபது வருஷமாக ஒரே வார்டு. அங்கே வந்து படுப்பவர்களில் பாதிப் பேர் எழுந்து போவதில்லை. பார்க்க வருகிறவர்கள் யாராவது ஒரு சின்னத் தொட்டிச் செடியைக் கொண்டுவந்து ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போவார்கள். ஆள் போன பிறகு வீட்டுக்காரர்கள் செல்போனை எடுத்துக்கொள்வார்கள், மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொள்வார்கள், செருப்பைக்கூட மறக்க மாட்டார்கள். செடியை மட்டும் விட்டுவிடுவார்கள். மறுநாள் காலையில் கூட்டுகிறவர்கள் வந்து அள்ளிப் போவதற்குள் அண்ணி அதை எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். தொட்டியின் அடியில் கட்டில் எண்ணை எழுதி மாடியில் வைப்பாள். அவளுக்கு அவை ரோஜாவும் இல்லை, கற்றாழையும் இல்லை. நாலு, பதினொண்ணு, ஜன்னலோர ஒன்பது. "மேல வார்டுக்கு ரவுண்ட்ஸ் போயிருக்கா" என்பான் அண்ணன். அண்ணி அதற்குச் சிரிக்கவும் மாட்டாள், கோபிக்கவும் மாட்டாள். தண்ணீர் ஊற்றிவிட்டு இறங்கி வருவாள்.

ராணி செடிகளை இரவல் கேட்டாள். சீருடைப் புடவையை மடித்துக்கொண்டிருந்த அண்ணி, மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்.

"எல்லாமா?"

"இருபத்தாறு போதும் அண்ணி. மேடைப் படியில மட்டும். அட்டை எதுவும் மாட்ட மாட்டேன். விழா முடிஞ்சதும் நானே கூட உக்காந்து வேன்ல ஏத்திட்டு வரேன்."

"ஒரு நாள்தானே?"

"ஒரே நாள். ஒரு இலை குறையாது."

அண்ணி ஒரு கரண்டியைக்கூட யாருக்கும் இரவல் தர மாட்டாள் என்று அந்த வீட்டில் பேச்சு. அப்படிப்பட்டவள் இருபத்தாறு தொட்டிகளையும் தானே ஒவ்வொன்றாகத் துடைத்து, படியிறக்கி, வேன் வரைக்கும் கொண்டுவந்து கொடுத்தாள்.

கல்யாணத்தன்று காலை பத்திரிகைக்காரி வந்தாள். கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத பெண். எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். திரைச்சீலையின் ஓரத்தைப் புரட்டித் தையலைப் பார்த்தாள். மேடைக்கு வந்ததும் நின்றாள்.

"இதுல மட்டும் ஏன் அட்டை இல்ல?"

இரவல் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் இரவல் என்றால் பண்ணைக்காரர் கதை வரும், பூச்சி வரும், ராணி மேடத்தின் கல்யாணத்திலும் கடன் வாங்கிச் சமாளிப்பது உண்டு என்பது வெளியே வரும். "இப்பதான் மாட்டப் போறேன்" என்று சொல்லி, ராணி தன் கையாலேயே இருபத்தாறு அட்டைகளையும் மாட்டினாள். படம் எடுத்ததும் கழற்றிவிடலாம் என்று இருந்தாள். ஆனால் பத்திரிகைக்காரி நாள் முழுக்க அவள் பக்கத்திலேயே இருந்தாள்.

சாப்பாடு முடிந்தது. மணப்பெண் மைக்கில் சொன்னாள். கூட்டம் எழுந்தது. மேஜைச் செடிகள் போயின, நடைபாதைச் செடிகள் போயின. மாப்பிள்ளையின் பெரியப்பா, கைத்தடி ஊன்றிய மனிதர், மேடைப் படியருகே வந்து நின்று ராணியைப் பார்த்தார்.

"அம்மா, இதையும் எடுக்கலாமா?"

பத்திரிகைக்காரி நோட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். "நிஜமாவே எல்லாமே போயிடுமா? கொஞ்சம் வாடகைக்கு வாங்கித் திருப்பிக் குடுப்பீங்கன்னு நெனச்சேன்."

"எல்லாமே போயிடும்" என்றாள் ராணி. பெரியவரைப் பார்த்து, "எடுங்க ஐயா" என்றாள்.

அவர் எடுத்தது பதினொண்ணு. அடியில் எழுதியிருந்த எண் அவர் தூக்கும்போது தெரிந்தது. அவருக்குப் பின்னால் ஒரு வரிசையே நின்றது. ராணி சிரித்த முகத்தோடு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். செடிதானே, அதே ஜாதிச் செடியை வாங்கி வைத்துவிட்டால் போயிற்று என்று உள்ளே ஒரு குரல் சப்பைக்கட்டு கட்டியது. கடைசித் தொட்டியும் வாசலைத் தாண்டிய பிறகு துணிப்பையைத் தூக்கிக் காட்டினாள். கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் ஓய்வதற்கு முன்பே அவள் பையை இறக்கிவிட்டாள்.

அண்ணி வீட்டு வாசலிலேயே நின்றிருந்தாள், வேனை எதிர்பார்த்து. ராணி ஆட்டோவில் வந்து இறங்கினாள்.

"கூட்டத்துல யாரோ எடுத்துட்டாங்க அண்ணி. ஒருத்தர் எடுத்தா எல்லாரும் எடுப்பாங்கல்ல. நான் உள்ள வேலையா இருந்தேன். கவனிக்கல."

அவள் எதிர்பார்த்ததெல்லாம் ஒரு நல்ல சண்டை. அண்ணி சண்டை போட்டிருந்தால் இவளும் நாலு வார்த்தை பேசி, அழுது, அதோடு கழுவிவிட்டிருக்கலாம். அண்ணி அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "நீ ஒருத்தி என்னதான் பண்ணுவ. நான் லீவு போட்டுட்டு வந்திருக்கணும்" என்றாள். பிறகு உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ராணி அதைக் குடிக்காமல் கீழே வைத்தாள்.

புதுச் செடி வாங்கித் தருகிறேன் என்றதற்கு அண்ணி வேண்டாம் என்று தலையசைத்தாள். "கல்யாண போட்டோவுல யார் கையில எது இருக்குன்னு தெரியும்ல? விலாசம் பொண்ணு வீட்டுல இருக்கும். கேட்டு வாங்கிக்கலாம். கேட்டா குடுப்பாங்க."

அப்படியாக, அண்ணிக்கு விடுமுறை கிடைக்கும் நாளெல்லாம் இருவரும் தெருத்தெருவாக அலைந்தார்கள். அண்ணன் தன் ஸ்கூட்டரைக் கொடுத்தான். தொட்டி வைக்க முன்னால் ஒரு பெட்டியும் கட்டிக் கொடுத்தான். கொடுத்ததைத் திருப்பிக் கேட்டு ஒருவர் வீட்டு வாசலில் நிற்பதைப்போல மானக்கேடு வேறில்லை. சிலர் சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள். சிலர் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு பேசினார்கள். ஒரு வீட்டில், குழந்தை அதற்குப் பெயர் வைத்துவிட்டது என்றார்கள். அண்ணி அந்தச் செடியைக் கேட்காமலே திரும்பிவிட்டாள். இன்னொரு வீட்டில் ஜன்னலோர ஒன்பது பால்கனியில் காய்ந்து குச்சியாக நின்றது. அண்ணி அந்தக் குச்சியையும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள்.

எல்லா வீட்டிலும் பேச்சை ஆரம்பித்தவள் அண்ணிதான். செடி தன்னுடையது என்பாள், மேடைக்கு இரவல் கொடுத்தது என்பாள். அங்கே ஒரு சின்ன இடைவெளி விடுவாள். ராணி தரையைப் பார்ப்பாள். அப்புறம் அண்ணியே, "பாவம், அவ கவனிக்கல. அவளுக்கு ஆயிரம் வேலை" என்று முடிப்பாள். அந்தப் 'பாவம்' ஒவ்வொரு வாசலிலும் ராணியின் கன்னத்தில் அறைந்தது. ஒவ்வொரு தடவையும் அடுத்த வீட்டில் சொல்லிவிடலாம் என்று நினைப்பாள். அடுத்த வீட்டுக் கதவு திறந்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

நாலாவது வாரம் மாப்பிள்ளையின் பெரியப்பா வீடு. ராணி அந்த வீட்டைக் கடைசிக்குத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். தெரு வழியில் வந்துவிட்டதால் அண்ணி வண்டியை நிறுத்தினாள். பெரியவர் இருவரையும் உட்கார வைத்தார். பதினொண்ணு அவர் மேஜையிலேயே இருந்தது. புது இலை இரண்டு விட்டிருந்தது. அண்ணி வழக்கம்போல விஷயத்தைச் சொன்னாள். இடைவெளி விட்டாள்.

"இல்லையேம்மா" என்றார் பெரியவர், குழப்பமாக. "நான் சும்மா எடுக்கலையே. இந்தம்மாகிட்ட கேட்டேன். எடுங்க ஐயான்னு அவங்கதான் சொன்னாங்க."

ராணியின் முகத்தில் ஈயாடவில்லை. காது மடல் சுட்டது. மேஜை விரிப்பின் பூவேலையில் எத்தனை இதழ் என்றுகூட அவளால் இன்றைக்கும் சொல்ல முடியும்.

அண்ணி அவள் பக்கம் திரும்பவே இல்லை. "ஆமாங்க, சொல்லியிருப்பா. என்னைக் கேட்டுக்கிட்டுத்தான் சொன்னா. நான்தான் அப்புறம் மனசு மாறிட்டேன். தப்பு என்மேலதான்" என்றாள். பெரியவர் அவளைக் கொஞ்சம் அலட்சியமாகப் பார்த்துவிட்டு, கொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்பது அவ்வளவு நன்றாக இல்லை என்று சொல்லியபடி தொட்டியை நீட்டினார். அண்ணி தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள்.

படியிறங்கும்போது ராணி பின்னால் நின்றுவிட்டாள். "அண்ணி, நான் வந்து..."

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"அன்னைக்கு ஆட்டோவுல வந்து எறங்கினயே, அப்பலேர்ந்து. மாத்திரைய நாக்குக்கு அடியில ஒதுக்கிட்டு முழுங்கிட்டேன்னு சொல்றவங்களத்தான இருபது வருஷமா பாக்குறேன். அந்த மொகம் எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் ஒவ்வொரு வீட்டுலயும் எனக்காகச் சொன்னீங்க?"

அண்ணி தொட்டியைப் பெட்டிக்குள் இறுக்கி வைத்தாள். இலை மடங்காமல் துணியைச் சுற்றினாள். "ஒவ்வொரு வீட்டுலயும் நீ சொல்றியான்னு பாத்தேன். நீ சொல்லல. அதுக்காக மூணாம் மனுஷங்க முன்னாடி உன்னை விட்டுக் குடுக்க முடியுமா?" கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நாடி பார்த்து எண்ணைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

அடுத்த வீடு அதே தெருவில், நாலு வாசல் தள்ளி. இந்தத் தடவை அண்ணி முன்னால் போகவில்லை, வண்டியோடு நின்றுகொண்டாள். ராணி மட்டும் போய் மணியை அழுத்தினாள். கதவைத் திறந்த பெண்ணுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"ராணி மேடம்தானே நீங்க? பத்திரிகையில பாத்தேனே, அந்தக் குப்பைப் பையோட. எங்க வீட்டுக்கா வந்திருக்கீங்க? உள்ள வாங்க, உள்ள வாங்க."

உள்ளே கூடத்தில் தொலைபேசிக்குப் பக்கத்தில் நாலாம் கட்டில் செடி உட்கார்ந்திருந்தது. அட்டையைக்கூட அவர்கள் கழற்றவில்லை. கவனிக்கவில்லை என்ற வார்த்தைதான் ராணியின் நாக்கு நுனிக்கு முதலில் வந்தது. இத்தனை வாரம் கேட்டுப் பழகிப் போயிருந்தது. அதை விழுங்கினாள்.

"நான் உள்ள வரலைங்க. அந்தச் செடி என்னோடது இல்ல, எங்க அண்ணியோடது. அதை நான் உங்களுக்குக் குடுத்திருக்கவே கூடாது."

"ஐயோ, தெரியாம நடந்திருக்கும் மேடம்..."

"இல்ல. தெரிஞ்சுதான் குடுத்தேன். பத்திரிகையில வரணும்னு குடுத்தேன்."

அந்தப் பெண்ணின் சிரிப்பு மெல்லக் கழன்றது. ராணியை ஒரு தடவை பார்த்தாள், தெருவில் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற அண்ணியை ஒரு தடவை பார்த்தாள். உள்ளே போய்ச் செடியை எடுத்து வந்தாள். வாசலில் கைநீட்டி நின்ற ராணியிடம் அதைக் கொடுக்கவில்லை. அவளைச் சுற்றிக்கொண்டு படியிறங்கிப் போய், அண்ணியின் கையில் கொடுத்தாள்.