எண்ணிக்கை சரி

தஞ்சாவூரில் ஒரு உரக்கடைக்கு மேல்மாடி. ஜெர்மன்காரன் அச்சுக்கென்று கோத்து வைத்த பம்புக் கையேடுகளை இணையப் பக்கங்களாக மாற்றித் தருவதுதான் அந்த ஆபீசின் பிழைப்பு. எழுத்து எழுத்தாகவே போய்விடும்; கணக்குச் சூத்திரம் மட்டும் மக்கர் பண்ணும். ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டர் ஒரு சின்னப் படமாக்கி, வரிசையாக நம்பர் போட்டு ஒட்டும். சரிபார்ப்பவர்கள் புத்தகத்தில் எத்தனை சூத்திரம், பக்கத்தில் எத்தனை படம் என்று எண்ணுவார்கள். ஒத்துப்போனால் கையெழுத்து.

எம்.எஸ்ஸி. கணக்கு படித்த ஷீபா ஒருத்திதான் படித்தும் பார்ப்பாள். ஜெர்மன்காரனின் சிங்கப்பூர் ஆபீசுக்கு இங்கிருந்து ஒரே ஒரு ஆள் எடுப்பதாகப் பேச்சு வந்ததிலிருந்து, அவள் பாஸ்போர்ட் மேசை இழுப்பறையிலேயே கிடந்தது.

"ஏண்டா ஆன்டோ, இது நீ பண்ணினதா?"

"ஆமாக்கா. திருஷ்டி சுத்தணுமா?"

"நடுவுல ஒரு சூத்திரம் புதுசா சேத்தாங்களே, பழைய படத்தையெல்லாம் அழிச்சிட்டு மறுபடி ஓட்டினியா?"

"அது ஓட அரைநாள் ஆகும். கரண்ட் வேற போயிப் போயி வருது. குறைஞ்ச ஒரு படத்தை மட்டும் போட்டுக் கடைசியில சேத்துட்டேன்."

"நல்லா சேத்தே போ! அதுக்குப் பின்னால எல்லாம் ஒரு எடம் தள்ளி உக்காந்திருக்கு. குழாய் அழுத்தம் வர்ற எடத்துல மோட்டார் வேகம் நிக்குது. இதைப் பாத்து எவனாவது பம்பு ஓட்டினா என்ன ஆவுறது?"

மேலாளர் ராஜசேகர் எட்டிப் பார்த்தார். "எண்ணிக்கை சரியாம்மா?"

"நூத்தி நாப்பத்திரண்டு. சரிதான் சார். ஆனா..."

"அப்புறம் என்ன ஆனா? நம்மளை என்ன பரீட்சையா எழுதச் சொன்னான்? கையெழுத்தைப் போடுங்க."

"திங்கக்கிழமை காலையில தர்றேன் சார்."

"ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போவ வேணாமா?"

"மாதா கோவிச்சுக்க மாட்டாங்க."

ஞாயிறு பகல் முழுக்க உட்கார்ந்து, எல்லாப் படத்தையும் அழித்து, மறுபடி ஓட்டி, ஒவ்வொரு சூத்திரத்தையும் விரல் வைத்துப் படித்தாள்.

பத்தாம் நாள் ஜெர்மன்காரனிடமிருந்து மெயில் வந்தது. சூத்திரத்தில் ஒரு பிழைகூட இல்லாமல் வந்த கையேடு இது ஒன்றுதானாம். செய்தவரையே சிங்கப்பூருக்கு அனுப்பச் சொல்லியிருந்தார்கள். செய்தவர் பெயர் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஆன்டோ என்று இருந்தது. வேலையைத் தொடங்கியவன் பெயரைத்தான் கம்ப்யூட்டர் அங்கே போடும். சூத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்த ஷீபா அந்த வரியைத் தொடவில்லை.

"சார், அதைத் திருத்தினது நான்."

"தெரியும்மா. இப்பப் போயி ஆள் வேறன்னு சொன்னா, திருத்துற அளவுக்குத் தப்பு பண்ணினது யாருன்னு கேப்பான். கம்பெனிக்குத் தேவையா இது?"

வேளாங்கண்ணிக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தான் ஆன்டோ. "நான் வேணும்னா சொல்லிப் பாக்கவாக்கா?"

"சொல்லேன்."

அதை அவன் எதிர்பார்க்கவில்லை. "நீங்க ஒண்ணு..." என்று சிரித்துவிட்டு நகர்ந்தான்.

அவன் விமானம் ஏறிய வாரம், அவன் முடித்து வைத்துப்போன அடுத்த கையேடு ஷீபாவின் மேசைக்கு வந்தது. இருநூற்று ஏழு சூத்திரம். இருநூற்று ஏழு படம். மூன்றாம் பக்கத்தில், இடம் மாறி உட்கார்ந்திருந்த ஒரு படத்தில் கண் போய் நின்றது. பார்வையை இழுத்துக்கொண்டாள்.

ராஜசேகரே எழுந்து வந்தார். "படிச்சுப் பாத்தீங்களாம்மா?"

பாஸ்போர்ட்டை ஒதுக்கிவிட்டு இழுப்பறைக்குள் பேனாவைத் தேடி எடுத்தாள்.

"எண்ணிக்கை சரி சார்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.